திரும்பி வந்த படங்கள், திரும்பாத வீடு

பாரிஸில் ஓர் அரசு அலுவலகம். அடையாள அட்டையைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு பெண்மணி வந்து நிற்கிறார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தாள்களைப் புரட்டுகிறார். பிறந்த ஊர் நியூயார்க் என்று இருக்கிறது. அப்படியென்றால் பிரெஞ்சுப் பிரஜைதான் என்பதற்கு மேலும் ஆதாரம் வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி நால்வரும் பிரெஞ்சுக்காரர்கள்தானா என்று கேட்கிறார்.

ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கால் கடுக்க நின்று பழகிய இந்திய வாசகருக்கு இது சர்வசாதாரணமான கேள்வியாகத் தோன்றும். அந்தப் பெண்மணி ஆடிப்போனார். அவர் பெயர் ஆன் சின்க்ளேர். 1984 முதல் 1997 வரை ஞாயிறு மாலைகளில் அரசியல் தலைவர்களைப் பேட்டி கண்டு, பிரான்ஸ் முழுவதற்கும் தெரிந்த முகமாக இருந்த தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். அவரைக் கலக்கியது அலுவலரின் அலட்சியம் மட்டுமல்ல. தாத்தா பாட்டி கணக்கை அந்த நாடு ஏற்கனவே ஒரு முறை எடுத்திருக்கிறது. 1940 அக்டோபரில் விஷி அரசு இயற்றிய சட்டம், தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணித்தான் ஒருவரை யூதர் என்று முடிவு செய்தது. அந்தக் கணக்கில் வேலை போனவர்கள் உண்டு, வீடு போனவர்கள் உண்டு, ரயிலில் ஏற்றப்பட்டுத் திரும்பாமலே போனவர்கள் பல்லாயிரம் பேர்.

வீட்டுக்குப் போன ஆன் சின்க்ளேர், அதுவரை தள்ளிப்போட்டு வந்த ஒரு காரியத்தைத் தொடங்கினார். அம்மாவின் அப்பாவைப் பற்றிய பழைய கடிதங்களையும் பெட்டிகளையும் திறந்தார். அதிலிருந்து உருவானதுதான் 2012-ல் வெளியான அவரது நூல். அதன் தலைப்பு ஒரு வீட்டு முகவரி: 21, லா போயெஸி தெரு. அந்த வீட்டில் கீழே கேலரியும் மேலே குடும்பமுமாக முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் பால் ரோஸன்பெர்க். பிகாஸோ, ப்ராக், லெஜே, மத்தீஸ் என்று 20-ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் நான்கு பெரிய பெயர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த வியாபாரி.

பால் பிறந்தது 1881 டிசம்பர் 29-ல், பாரிஸில். தந்தை அலெக்ஸாண்டர், ப்ராடிஸ்லாவா பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர். தானிய வியாபாரம் செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு தடவை கப்பலில் வந்த சரக்கு கெட்டுப்போய் பெரும் நஷ்டம் வந்ததாகவும், அதன் பிறகே பழம்பொருள் வியாபாரத்துக்கும் ஓவியத்துக்கும் மாறினார் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள். பாலும் அண்ணன் லெயோன்ஸும் அப்பாவின் கடையில்தான் தொழில் கற்றார்கள். பால் சில காலம் லண்டனிலும் பயிற்சி பெற்றார். பிறகு இரு சகோதரர்களும் தனித்தனியே கடை போட்டார்கள். 1910-களின் தொடக்கத்தில் பால் லா போயெஸி தெருவுக்கு வந்தார். 1914-ல் கல்யாணம். 1917-ல் மகள் மிஷெலின், 1921-ல் மகன் அலெக்ஸாண்டர். மகனுக்குத் தாத்தா பெயர்.

1918 கோடையில் பியாரிட்ஸ் என்ற கடற்கரை ஊரில்தான் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை திசை மாறியது. ஓல்கா என்ற ருஷ்ய நடனமணியை அப்போதுதான் மணந்திருந்த பிகாஸோ தேனிலவுக்கு அங்கே வந்திருந்தார். ரோஸன்பெர்க் குடும்பமும் அங்கே இருந்தது. தன் மனைவியையும் மடியில் ஒரு வயது மகளையும் வைத்து ஒரு படம் தீட்டித் தரும்படி பால் கேட்டார். பிகாஸோ தீட்டினார். முகங்களைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும் ஓவியர் என்று உலகம் அறிந்தவர், இந்தத் தாயையும் சேயையும் பழைய காலத்து ஓவியர்களைப் போல நிதானமாக வரைந்திருந்தார். நாற்காலியில் அமர்ந்த தாய், வெள்ளை கவுனில் கொழுகொழுவென்று குழந்தை. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஆன் சின்க்ளேரின் அம்மா.

அந்த ஆண்டு முடிவதற்குள் பிகாஸோ லா போயெஸி தெருவிலேயே 23-ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். அடுத்த வீடு. புதிதாகத் தீட்டும் படங்களை முதலில் பார்த்து வாங்கும் உரிமை ரோஸன்பெர்க்குக்கு என்று ஏற்பாடு. 1919-ல் பிகாஸோவின் கோட்டோவியங்களும் நீர்வண்ணப் படங்களும் ரோஸன்பெர்க்கின் கேலரியில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. கடிதங்களில் இவர் அவரை 'பிக்' என்று அழைப்பார். அவருக்கு இவர் 'ரோஸி'. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏராளம். எப்போது படம் கிடைக்கும், ஏன் இத்தனை தாமதம் என்று நச்சரிக்கும் கடிதங்கள்தான் அவற்றில் அதிகம். 1923-ல் ப்ராக், 1927-ல் லெஜே, 1936-ல் மத்தீஸ் என்று ஒவ்வொருவராக அந்தக் கேலரியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

அவர் கடை நடத்திய விதம் சுவாரசியமானது. ப்ராக்கின் மேஜையையும் லெஜேயின் இயந்திர மனிதர்களையும் பார்த்து மிரண்டுபோகும் வாடிக்கையாளர்கள் அன்று அதிகம். அவர்களை அவர் விரட்டவில்லை. மாடிக்கு அழைத்துப் போவார். அங்கே டெகா, ரெனுவார், கூர்பே என்று முந்தைய நூற்றாண்டின் படங்கள், கண்ணுக்கு இதமாக, காத்திருக்கும். நேற்றைய ஓவியத்தை விற்ற பணத்தில் நாளைய ஓவியத்தை வாங்கி வைத்தார். வந்தவர்களில் சிலர் நாளடைவில் கீழேயும் இறங்கி வந்தார்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவருக்குச் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டின் சாப்பாட்டு அறைக்காக மொசைக் வடிவங்களை அமைத்துத் தந்தவர் ப்ராக். 1928-29-ல் அதற்காக அவர் தீட்டிய நான்கு படங்கள் இன்று 'ரோஸன்பெர்க் நால்வரிசை' என்ற பெயரில் கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. குழந்தைகளோ அவற்றுக்கு நடுவே சூப் குடித்து வளர்ந்தார்கள்.

அன்பான அப்பா என்பதற்காக அவரை மகானாக்கிவிடத் தேவையில்லை. பால் ரோஸன்பெர்க் கறாரான வியாபாரி. ஓயாமல் கவலைப்படுகிறவர். உடம்பைப் பற்றி, விலையைப் பற்றி, உலகத்தைப் பற்றி. தாத்தாவின் இந்த முகத்தைப் பேத்தியும் தன் நூலில் மறைக்கவில்லை. குடும்பப் பெயரின் மேல் ஒரு நிழலும் விழுந்திருந்தது. முதல் உலகப் போரின்போது, ஜெர்மன் பிரஜை என்ற காரணத்தால், கான்வைலர் என்ற யூத ஓவிய வியாபாரியின் சரக்கு முழுவதையும் பிரெஞ்சு அரசு 'எதிரியின் சொத்து' என்று கைப்பற்றியது. 1921-ல் தொடங்கி அதை ஏலம் விட்டது. அந்த ஏலத்துக்கு நிபுணராக அமர்ந்தவர் பாலின் அண்ணன் லெயோன்ஸ். தங்கள் படங்கள் அடிமாட்டு விலைக்குப் போவதைப் பொறுக்க மாட்டாத ப்ராக், ஏலக் கூடத்திலேயே லெயோன்ஸை அடித்துவிட்டார். ஓர் அரசாங்கம் நினைத்தால் ஒருவரின் சுவரில் இருப்பதையெல்லாம் கழற்றி விற்றுவிட முடியும் என்பதை ரோஸன்பெர்க் குடும்பம் முதலில் பார்த்தது மேஜைக்கு அந்தப் பக்கமிருந்துதான்.

ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு மேஜை திரும்பியது. நவீன ஓவியங்களை 'சீர்கெட்ட கலை' என்று முத்திரை குத்தி, நாட்டின் அருங்காட்சியகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அகற்றினார்கள். 1937 ஜூலையில் ம்யூனிக் நகரில் அவற்றைக் கேலிப்பொருளாக்கிக் கண்காட்சி நடத்தினார்கள். பிறகு, பழித்ததை விற்றால் காசு வரும் என்று கண்டுகொண்டார்கள். 1939 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் தியோடர் ஃபிஷர் என்ற வியாபாரி அந்தப் படங்களை ஏலம் விட்டார். வான்கோ, பிகாஸோ, மத்தீஸ் எல்லாம் இருந்தன.

ஓவிய உலகம் இரண்டாகப் பிரிந்தது. வாங்கினால் படங்களையாவது காப்பாற்றலாம் என்றது ஒரு தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரும் வாங்காதீர்கள், கொடுக்கும் பணம் ஆயுதமாக மாறி நம் தலையிலேயே விழும் என்று சக வியாபாரிகளை எச்சரித்தவர்களில் முக்கியமானவர் பால் ரோஸன்பெர்க். பிகாஸோவை விற்றே பெயர் வாங்கியவர், மலிவாக வரும் பிகாஸோவை வேண்டாம் என்றார். ஏலம் நடந்தது. அதன் பின் இரண்டு மாதத்தில் போர் வந்தது.

தன் சரக்கில் ஒரு பகுதியை அவர் முன்பே வெளிநாடு அனுப்பியிருந்தார். 1939 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய பிகாஸோ கண்காட்சிக்குக் கணிசமான படங்களைக் கடன் கொடுத்திருந்தார். குடும்பத்தை அழைத்துக்கொண்டு போர்தோ நகருக்கு அருகே ஃப்ளுவாராக் என்ற ஊரில் வாடகை வீடு பிடித்தார். லிபூர்ன் நகரின் வங்கிப் பெட்டக அறையில் 162 படங்களை வைத்தார். ப்ராக்கும் தன் உடைமைகளை அதே வங்கியில்தான் பத்திரப்படுத்தினார்.

1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. அகதிகள் போர்தோவில் வந்து குவிந்தார்கள். எல்லையைத் தாண்ட விசா வேண்டும். அங்கே போர்ச்சுக்கல் தூதரக அதிகாரியாக இருந்தவர் அரிஸ்டிடிஸ் டி ஸௌஸா மென்டிஸ். யூதர்களுக்கும் நாடற்றவர்களுக்கும் விசா தரக்கூடாது என்று லிஸ்பனிலிருந்து உத்தரவு. அவர் அதை மீறி ஆயிரக்கணக்கானோருக்குக் கையெழுத்திட்டார். அவர்களில் ரோஸன்பெர்க் குடும்பமும் ஒன்று. கையெழுத்திட்டவரின் வேலை பறிபோனது. 1954-ல் அவர் வறுமையில் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. ரோஸன்பெர்க்கின் கதையில் ஓவியம் எதிலும் இடம்பெறாத, ஆனால் எல்லா ஓவியங்களையும் விட மதிப்புள்ள ஒரு கையெழுத்து அது.

குடும்பம் போர்ச்சுக்கல் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது, ஒருவரைத் தவிர. மகன் அலெக்ஸாண்டருக்கு அப்போது 19 வயது. அவர் அமெரிக்கக் கப்பல் ஏற மறுத்து, ஜெனரல் டிகாலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பெற்றோர் நான்கு ஆண்டுகள் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

விட்டுவந்தவற்றுக்கு என்ன நேர்ந்தது? 1940 செப்டம்பரில் ஃப்ளுவாராக் வீட்டுக்கு ஜெர்மானியர்கள் வந்தார்கள். காட்டிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1941-ல் லிபூர்ன் பெட்டகம் திறக்கப்பட்டது. பிரான்ஸில் யூதர்களின் கலைப் பொருட்களைச் சூறையாட நாஜிகள் ஒரு தனி அமைப்பையே வைத்திருந்தார்கள். அதன் தலைவர் ஆல்ஃப்ரெட் ரோஸன்பெர்க். இரண்டு ரோஸன்பெர்க்குகளுக்கும் எந்த உறவும் இல்லை. பறிகொடுத்தவருக்கும் பறித்தவருக்கும் ஒரே பெயர் என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கை. கொள்ளையடித்த படங்கள் பாரிஸின் ழூ தெ போம் அருங்காட்சியகத்தில் குவிக்கப்பட்டன. நாஜித் தலைவர் கோரிங் அங்கே அடிக்கடி வந்து தனக்குப் பிடித்ததைப் பொறுக்கினார். நவீன ஓவியத்தில் அவருக்கு ருசி இல்லை. ஆனால் அவற்றைக் கொடுத்து, தனக்குப் பிடித்த பழைய ஓவியங்களைப் பண்டமாற்றாக வாங்கலாமே. அந்தப் பண்டமாற்றில் பங்கேற்றவர்களில் ஒருவர் லூசெர்ன் ஏலத்தை நடத்திய அதே ஃபிஷர்.

லா போயெஸி தெரு வீட்டுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 1941 மே மாதம் அங்கே ஒரு புதிய பெயர்ப் பலகை ஏறியது: யூதப் பிரச்னைகள் ஆய்வு நிலையம். பெயரில்தான் ஆய்வு, வேலை யூத வெறுப்புப் பிரசாரம். மத்தீஸும் பிகாஸோவும் தொங்கிய அறைகளில் சுவரொட்டிகளும் துண்டுப் பிரசுரங்களும் தயாராயின. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸில் 'யூதனும் பிரான்ஸும்' என்ற தலைப்பில் ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது இந்த நிலையம்தான். யூதரின் மூக்கு எப்படி, காது எப்படி என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்த கண்காட்சி. அதற்கான திட்டங்கள் பிரான்ஸின் அழகை முப்பது ஆண்டுகள் உலகுக்குக் காட்டிய ஒரு யூதரின் வீட்டில் தீட்டப்பட்டன. 1942-ல் விஷி அரசு பால் ரோஸன்பெர்க்கின் பிரெஞ்சுக் குடியுரிமையையும் பறித்தது.

நியூயார்க்கில் அறுபதை நெருங்கும் வயதில் அவர் மறுபடி கடை திறந்தார். 57-ஆவது தெருவில், 1941-ல். வான்கோவின் புகழ்பெற்ற 'நட்சத்திர இரவு' இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறதென்றால், 1941-ல் அது அங்கே போனது ரோஸன்பெர்க்கின் கை வழியாகத்தான். வியாபாரம் நிமிர்ந்தது. கவலைதான் கடலுக்கு அப்பால் இருந்தது. ஒன்று மகன், இன்னொன்று படங்கள். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1944 ஆகஸ்ட். நேச நாட்டுப் படைகள் பாரிஸை நெருங்குகின்றன. ழூ தெ போமில் எஞ்சியிருந்த நவீன ஓவியங்களை 148 பெட்டிகளில் அடைத்து, ஜெர்மனிக்கு அனுப்ப ரயிலில் ஏற்றினார்கள். அங்கே வேலை பார்த்த ரோஸ் வாலாந்த் என்ற பிரெஞ்சுப் பெண்மணி இந்தச் செய்தியை எதிர்ப்பு இயக்கத்தினருக்குத் தெரியப்படுத்தினார். நான்கு ஆண்டுகளாக வாயைத் திறக்காமல், எந்தப் படம் எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறிப்பெடுத்து வந்தவர் அவர். ரயில்வே ஊழியர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஒரு நாள் எஞ்சின் கோளாறு, இன்னொரு நாள் வேலைநிறுத்தம், இன்னொரு நாள் பாதை அடைப்பு. ரயில் பாரிஸின் புறநகரைத் தாண்டவே இல்லை.

ஆகஸ்ட் 25-ல் பாரிஸ் விடுதலை பெற்றது. இரண்டு நாள் கழித்து, லெக்லெர்க்கின் கவசப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குழு ஓல்னே அருகே அந்த ரயிலை மறித்தது. குழுவுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி அலெக்ஸாண்டர் ரோஸன்பெர்க். பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பிகாஸோ, ப்ராக், செஸான். பல படங்களை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கடைசியாக அவற்றை அவர் பார்த்தது அப்பா அம்மாவின் வீட்டுச் சுவரில்.

இந்தச் சம்பவத்தைத் தழுவி 1964-ல் பர்ட் லான்காஸ்டர் நடிப்பில் 'தி ட்ரெய்ன்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. எஞ்சின்கள் மோதின, குண்டுகள் வெடித்தன. பெட்டியைத் திறந்ததும் சொந்த வீட்டுப் படத்தைக் கண்ட மகன் மட்டும் அந்தக் கதையில் இல்லை. நிஜத்தில் நடந்தது சினிமாவில் நம்பும்படி இருக்காது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

போர் முடிந்ததும் பால் ரோஸன்பெர்க் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கையில் ஒரு பட்டியலும் புகைப்படங்களும். வாங்கிய ஒவ்வொரு படத்தையும் புகைப்படம் எடுத்து, எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றும் பழக்கம் அவருக்கு ஆரம்பம் முதல் உண்டு. பணம் எண்ணுகிற வியாபாரியின் பழக்கம் என்று நினைத்திருந்தால், அது இப்போது சாட்சியாக மாறி நின்றது. 1945-ல் சுவிட்சர்லாந்துக்குப் போய், தன் படங்கள் யார் யார் கையில் இருக்கின்றன என்று நேரிலேயே தேடினார். சில படங்கள் ஃபிஷரிடம் வந்து, அங்கிருந்து எமில் ப்யூர்லே என்ற ஆயுதத் தொழிலதிபரிடம் போயிருந்தன. வழக்குத் தொடுத்தார். 1948-ல் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ப்யூர்லே படங்களைத் திருப்பித் தந்தார். அவற்றில் சிலவற்றை ரோஸன்பெர்க்கிடமிருந்தே மறுபடி விலை கொடுத்து முறைப்படி வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். திருட்டுப் போன பொருளை மீட்டு, அதை வாங்கி வைத்திருந்தவருக்கே விற்பது பலருக்கு நெருடும். பணத்துக்காகத்தான் இத்தனை அலைச்சலா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் வியாபாரி. ஓவியத்தை விற்பது அவர் தொழில். யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்று தீர்மானிக்கும் உரிமையைத்தான் அவரிடமிருந்து பறித்திருந்தார்கள். அதே ஆளுக்கு விற்றாலும், 'இது என்னுடையது, நான் விற்கிறேன்' என்று கையெழுத்திட்டு விற்றதில்தான் அவர் மறுபடி மனிதரானார். மீட்ட படங்களில் சிலவற்றைப் பிரான்ஸின் அருங்காட்சியகங்களுக்கு அன்பளிப்பாகவும் கொடுத்தார், தன் குடியுரிமையைப் பறித்த நாட்டுக்கு.

லா போயெஸி தெருவில் மட்டும் அவர் மறுபடி கடை திறக்கவில்லை. சுவரைச் சுண்ணாம்பு அடித்துப் புதுப்பிக்கலாம். அந்தச் சுவருக்குள் பேசப்பட்ட பேச்சை என்ன செய்வது? 1959 ஜூன் 29-ல் பாரிஸை அடுத்த நுயீயில் அவர் காலமானார். வயது 77. பேத்தி ஆனுக்கு அப்போது 10 வயது.

தேடல் அவரோடு முடியவில்லை. நியூயார்க் கடையை அலெக்ஸாண்டர் நடத்தினார். 1987-ல் அவர் இறந்த பிறகு அவர் மனைவியும் பிள்ளைகளும் பழைய பட்டியலை விடாமல் வைத்திருந்தார்கள். நாஜிகள் சூறையாடியவை சுமார் 400 படங்கள் என்பது குடும்பத்தின் கணக்கு. அரை நூற்றாண்டு கழித்து அவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

கொள்ளை போன ஓவியங்களைப் பற்றி ஹெக்டர் ஃபெலிசியானோ என்ற பத்திரிகையாளர் எழுதிய நூல் 1990-களின் நடுவில் வெளிவந்தது. அதிலிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அமெரிக்காவில் ஒருவர் திடுக்கிட்டார். அவர் குடும்பம் ஸியாட்டில் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த மத்தீஸ் ஓவியம் அது. 1999-ல் அருங்காட்சியகம் அதை ரோஸன்பெர்க் குடும்பத்திடம் ஒப்படைத்தது. 1998-ல் பாஸ்டனில் நடந்த மோனே கண்காட்சிக்கு பிரான்ஸின் கான் நகர அருங்காட்சியகத்திலிருந்து ஒரு 'நீர் அல்லிகள்' போயிருந்தது. போர்க்காலத்தில் அது ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்டிராப்பிடம் இருந்த படம். அதுவும் அடுத்த ஆண்டு திரும்பியது. லிபூர்ன் பெட்டகத்திலிருந்து போன இன்னொரு மத்தீஸ் நார்வேயில் ஒரு கலை மையத்தில் இருந்தது, 2014-ல் வந்தது. ம்யூனிக்கில் குர்லிட் என்ற முதியவரின் அடுக்குமாடி வீட்டில் 2012-ல் அதிகாரிகள் கண்டெடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைப் பொருட்களுக்குள் மத்தீஸின் 'அமர்ந்திருக்கும் பெண்' இருந்தாள். அவள் 2015 மே மாதம் குடும்பத்திடம் வந்து சேர்ந்தாள். பெட்டகத்தை விட்டுப் போய் 74 ஆண்டுகள். அப்போதும் சுமார் 60 படங்கள் மிச்சம் இருந்தன.

இவர்களில் யாரும் திருடர்கள் அல்லர் என்பதுதான் இந்தக் கதையின் சங்கடம். ஸியாட்டில் குடும்பம் 1954-ல் நியூயார்க்கில் பெயர் பெற்ற கேலரியில் பணம் கொடுத்து வாங்கியது. நார்வேக்காரரும் பாரிஸில் ஒரு கடையில்தான் வாங்கினார். நல்ல எண்ணத்தோடு வாங்கி, நல்ல எண்ணத்தோடு ஊருக்குக் கொடுத்தவர்கள். ஆயினும் படத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் அதை மனமாரக் கழற்றிக் கொடுக்கவில்லை. அதற்கு ஆதாரம் ஒரு வியாபாரியின் பதிவேடு. அந்தப் பதிவேடுகளையும் கடிதங்களையும் குடும்பம் பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது.

2017-ல் பாரிஸின் மையோல் அருங்காட்சியகத்தில் ஆன் சின்க்ளேரின் நூலின் பெயரிலேயே ஒரு கண்காட்சி நடந்தது. ரோஸன்பெர்க்கின் கைகள் வழியாக உலகெங்கும் சிதறிப்போன படங்கள் சில மாதங்களுக்கு அவர் ஊரில் ஒன்றுகூடின. அந்த முகவரியில் இல்லை. அந்த முகவரியின் பெயரில்.

1918-ல் பியாரிட்ஸில் தீட்டிய தாயும் சேயும் படமும் நாஜிகளிடம் சிக்கியதுதான். போருக்குப் பின் வீடு திரும்பியது. மடியிலிருந்த குழந்தை 2007-ல் காலமானார். படம் இப்போது பாரிஸின் பிகாஸோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பிகாஸோவின் படமாகப் பார்க்கிறார்கள். அது நியாயம்தான். கொஞ்சம் நேரம் நின்று பார்த்தால், படத்துக்கு வெளியே, தூரிகை பிடித்தவருக்குப் பக்கத்தில் நின்றிருந்திருக்கக் கூடிய இன்னொருவரும் தெரிவார். மனைவி அசையாமல் இருக்கிறாளா, குழந்தை அழாமல் இருக்கிறதா, படம் எப்போது முடியும் என்று கவலைப்பட்டுக்கொண்டு நிற்கும் ஒரு அப்பா.